சிற்றூர்களின் கோப்பை: ஒரு ரோலர் ஹாக்கிப் பருவத்தின் வழித்தடம்

ஐரோப்பியக் கழகங்களுக்கிடையே நடைபெறும் ரோலர் ஹாக்கிப் போட்டியில் இதுவரை பட்டம் வென்ற ஊர்களின் பெயர்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு புறப்படும் பயணி, அக்கண்டத்தின் பேர்பெற்ற தலைநகரங்களுள் லிஸ்பனைத் தவிர வேறெதையும் தொட வேண்டியதில்லை. பாரிஸும் பெர்லினும் ரோமும் மாட்ரிடும் இக்கோப்பையை ஒருமுறைகூட ஏந்தியதில்லை. ஆனால் சில ஆயிரம் பேரே வாழும் கத்தலோனிய நெசவூர் ஒன்று மூன்று முறை ஏந்தியிருக்கிறது. தோல் பதனிடும் ஊர், திராட்சை மது வடிக்கும் ஊர், கம்பளி நெய்யும் ஊர், மண் சேவல் வனையும் ஊர் என நீளும் அந்தத் தாள், சுற்றுலாக் கையேடுகள் ஒரு பத்தியில் கடந்துவிடும் ஓர் ஐரோப்பாவை வரைந்து காட்டுகிறது. 2012-13ஆம் ஆண்டின் பருவம், அந்த ஐரோப்பாவின் எல்லா இயல்புகளையும் தன்னுள் அடக்கிக்கொண்டு, போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று முடிந்தது என்பதால், அதன் தடத்தைப் பின்பற்றிச் செல்வது பொருத்தமானது.

ஆட்டத்தை முதலில் விளக்கிவிடுவது நல்லது. ரோலர் ஹாக்கி என்பது சக்கரக் காலணி அணிந்து, வளைந்த மரமட்டையால் பந்தை அடித்து ஆடும் உள்ளரங்க விளையாட்டு. காலணியின் சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்தவையல்ல. வண்டியைப் போல முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக அமைந்தவை. உடலைச் சாய்த்தாலே திரும்பும்படி இவ்வகைக் காலணியை வடிவமைத்தவர் அமெரிக்கரான ஜேம்ஸ் பிளிம்ப்டன், ஆண்டு 1863. அணிக்கு ஐந்து பேர், அவர்களுள் ஒருவர் கோல்கீப்பர். களம் ஏறக்குறைய 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உடையது. அதைச் சுற்றி ஒரு மீட்டர் உயரத் தடுப்புப் பலகை, மூலைகள் வளைவாக. பந்து 155 கிராம் எடையுள்ள கெட்டிப் பந்து. கிரிக்கெட் பந்தை விட எடையில் இம்மியளவு குறைந்து, அளவில் ஏறத்தாழ அதையே ஒத்திருப்பது. பலகையில் பட்டுத் திரும்பும் பந்தை ஆட்டக்காரர் தம் கூட்டாளியாகவே கருதுகிறார்; கோல் கம்பங்களுக்குப் பின்னாலும் ஆடுவதற்கு இடம் உண்டு என்பதால், கோல்கீப்பருக்கு முதுகுப்பக்கமும் ஒரு போர்முனைதான். அவர் காலணியின் முனையிலுள்ள ரப்பர்க் கட்டைகளை ஊன்றிக் குந்தியவாறே, 105 சென்டிமீட்டர் உயரமும் 170 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கூட்டை உடலால் மூடி நிற்கிறார்.

விளையாட்டு பிறந்தது இங்கிலாந்தில். முதல் ஐரோப்பியப் பட்டப்போட்டி 1926இல் கென்ட் கடற்கரையின் ஹெர்ன் பே என்னும் சிற்றூரில் நடந்தது. இரண்டாம் உலகப் போர் மூளும் வரை நடந்த அத்தனை ஐரோப்பியப் பட்டங்களையும் இங்கிலாந்தே வென்றது. சுவிட்சர்லாந்தின் மோந்த்ரூ ஏரிக்கரையில் 1924இல் உலகக் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. அங்கே ஈஸ்டர் விடுமுறையில் நாடுகள் கூடி ஆடும் மரபு அதற்கும் முந்தியது. போருக்குப் பின் 1947இல் போர்ச்சுகல் உலகப் பட்டம் வென்றதும், 1951இல் பார்சிலோனாவில் ஸ்பெயின் வென்றதும், ஆட்டத்தின் மையத்தை ஆங்கிலக் கடற்கரையிலிருந்து ஐபீரிய தீபகற்பத்துக்கு நிரந்தரமாக நகர்த்திவிட்டன. பிற்காலத்தில் அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் தலைவரான ஹுவான் அந்தோனியோ சமரான்ச், இளமையில் இந்த ஆட்டத்தில் தோய்ந்தவர். 1951ஆம் ஆண்டுப் போட்டியைத் தம் ஊருக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர். 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் ரோலர் ஹாக்கி காட்சி விளையாட்டாக, அதாவது பதக்கப் பட்டியலில் சேராத விளையாட்டாக, இடம்பெற்றதற்கும் அவருடைய பற்றே பின்னணி என்று கொள்வதில் தவறில்லை. அந்த இறுதியாட்டத்தில் ஸ்பெயினை அர்ஜென்டினா வீழ்த்தியது.

கழகங்களுக்கான ஐரோப்பியக் கோப்பை 1965-66ஆம் பருவத்தில் தொடங்கியது. முதல் கோப்பையை வென்ற ஊரைக் காண, பார்சிலோனாவிலிருந்து வடக்கே, வீக் நகரையும் தாண்டி, தெர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏற வேண்டும். ஆற்றின் வேகத்தை நம்பிப் பருத்தி ஆலைகள் எழுந்த நிலம் அது. ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகள் இன்னும் கரையோரம் வரிசையாக நிற்கின்றன. சான் இப்போலித் டெ வோல்த்ரகா என்னும் அவ்வூரின் கழகம் 1966, 1975, 1976 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பாவை வென்றது. குளிர்காலத்தில் மூடுபனி நாட்கணக்கில் விலகாத அந்தச் சமவெளியில், சனிக்கிழமை மாலைகளில் வெளிச்சமும் வெதுவெதுப்பும் உள்ள இடம் ஆட்டக்கூடமே. பெருநகரத்துக்காரர் இதை ஒரு சிற்றூரின் அபூர்வ அதிர்ஷ்டம் என்று எண்ணக்கூடும், உண்மை வேறு. கால்பந்துக்குத் தேவைப்படும் பரந்த புல்வெளியும் பதினொரு பேரும் இங்கே வேண்டியதில்லை. ஒரு சிமெண்டுத் தளமும் பத்துச் சிறுவர்களும் இருந்தால் ஒரு கழகம் உருவாகிவிடும். அச்சிறுவர்கள் ஐந்து வயதில் சக்கரமேறி, அப்பாவும் மாமாவும் ஆடிய அதே தளத்தில் வளர்கிறார்கள் என்பதால், மக்கள்தொகையால் அளக்க முடியாத ஒரு செழுமை அங்கே தலைமுறைதோறும் சேர்கிறது.

அப்பள்ளத்தாக்கிலிருந்து தென்மேற்கே இறங்கினால், நுரைக்கும் வெண்மதுவான காவாவுக்குப் பேர்போன சான் சதுர்னி டனோயா. அதன் நோயா கழகம் 1989இல் வென்றது. அதே அனோயா ஆற்றின் மேற்பகுதியில் தோல் பதனிடும் ஊரான இகுவாலாடா 1990களில் ஆறு முறை வென்று, பார்சிலோனாவையே இரண்டாம் இடத்துக்குத் தள்ளி வைத்திருந்தது. இன்னும் தெற்கே, கட்டடக் கலைஞர் கௌடி பிறந்த ஊர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ரெயுஸ் நகரம், 1967 முதல் 1972 வரை இடைவெளியின்றி ஆறு கோப்பைகளைக் குவித்தது. இந்த ஊர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் காரில் சுற்றி வந்துவிடலாம். ஐரோப்பியப் பட்டங்களின் இத்தனை பெரிய குவியல் இத்தனை சிறிய நிலத்துண்டில் வேறெந்த ஆட்டத்துக்கும் கிடையாது என்று சொல்லத் தோன்றுகிறது.

பார்சிலோனாவின் நிலை தனி. கால்பந்துக் கழகத்தின் ரோலர் ஹாக்கிப் பிரிவான அது, 1978 முதல் 1985 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஐரோப்பியப் பட்டம் வென்றது. பெரிய மைதானத்தின் நிழலில் 1971இல் கட்டப்பட்ட பலாவு ப்ளாவுக்ரானா என்னும் உள்ளரங்கே அதன் இல்லம். கால்பந்தில் ஈட்டிய பணம் இங்கே சிந்துகிறது. சிற்றூர்களில் விளைந்த சிறுவர்கள் இங்கே வந்து சேர்கிறார்கள். சிற்றூர்கள் இதைக் குறையாகச் சொல்வதுண்டு என்றாலும், பார்சிலோனாவை வெல்லும் நாளைப் போன்ற திருநாள் அவற்றின் நாட்காட்டியில் வேறில்லை.

2012-13 பருவம் தொடங்கியபோது, நடப்புச் சாம்பியன் பட்டம் கத்தலோனியாவில் இல்லை. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், ரோமானியர் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் ஒளி வீசும் லா கொருன்யா துறைமுகத்தின் லிசியோ கழகம், 2011, 2012 இரு ஆண்டுகளிலும் கோப்பையை அட்லாண்டிக் கரைக்குக் கொண்டு சென்றிருந்தது. ஒரு பள்ளியின் பெயரில் தொடங்கிய கழகம் அது. ஸ்பெயின் லீகின் எதிராளிகள் பெரும்பாலும் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், தீபகற்பத்தின் மறுகோடியில் இருப்பதால், பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை ஸ்பெயினைக் குறுக்காகக் கடந்து திரும்புவதே அதன் ஆட்டக்காரர்களின் வாழ்க்கை. ரோலர் ஹாக்கியில் பயணம் என்பது ஆட்டத்தின் ஒரு பகுதி. வெளியூர்க் களத்தின் தளம் மரமா, மெருகிட்ட கல்லா, சிமெண்டா என்பதற்கேற்பச் சக்கரங்களின் கடினத்தை மாற்ற வேண்டும் என்பதால், ஆட்டக்காரரின் பையில் சட்டைகளோடு சக்கர வரிசைகளும் பயணிக்கின்றன.

அப்பருவத்தின் நடைமுறை எளியது. குழுச் சுற்றில் ஒவ்வொரு கழகமும் எதிராளியைச் சொந்த ஊரில் ஒருமுறையும் வெளியூரில் ஒருமுறையும் சந்தித்தது. அந்தச் சுற்றும் காலிறுதியும் முடிந்து எஞ்சிய நால்வர், ஒரே ஊரில் ஒரு சனி, ஞாயிறில் கூடி முடிவு கண்டனர். அந்த ஆண்டு எஞ்சியவர்கள் பார்சிலோனா, இத்தாலியின் வல்தாஞ்ஞோ, லிஸ்பனின் பென்ஃபிகா, போர்ட்டோ. கூடிய இடமோ போர்ட்டோவின் சொந்தக் கூடம்.

இந்நால்வருள் வல்தாஞ்ஞோவே வெளியுலகம் அறியாத பெயர். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், விச்செந்த்ஸா மாகாணத்தின் அஞ்ஞோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒடுங்கிக் கிடக்கும் அவ்வூரை உருவாக்கியது மர்சொத்தோ குடும்பத்தின் கம்பளி ஆலை. 1930களில் ஆலை உரிமையாளர் கயத்தானோ மர்சொத்தோ, தொழிலாளருக்காக வீடுகள், பள்ளி, மருத்துவ வசதி, அரங்கம், விளையாட்டுத் திடல்கள் ஆகியவற்றை ஒருசேரத் திட்டமிட்டு, ஆற்றின் மறுகரையில் 'சமூக நகரம்' என்றே பெயர் பெற்ற ஒரு குடியிருப்பைக் கட்டினார். நேர்கோட்டுத் தெருக்களும் ஒரே அச்சில் வார்த்தது போன்ற முகப்புகளும் கொண்ட அந்தக் குடியிருப்பில் நடக்கும்போது, உழைப்பின் மணிச்சங்கும் ஓய்வின் மணிச்சங்கும் ஒரே கோபுரத்திலிருந்து ஒலித்த காலம் கண்முன் வருகிறது. பாசிச ஆட்சிக் காலத்தின் தந்தைமைப் போக்கு அதில் படிந்திருப்பதை மறைக்க இயலாது. ஆயினும், ஓய்வையும் விளையாட்டையும் தொழிலாளரின் தேவையாக ஏற்ற அத்தகைய திட்டமிடல் இல்லாமல், இவ்வளவு சிறிய ஊர் ஐரோப்பாவின் கடைசி நால்வருள் ஒன்றாக வந்து நின்றிருக்குமா என்பது ஐயமே. இதே பள்ளத்தாக்கில் சிறிது தூரம் கீழே இறங்கினால் திரிஸ்ஸினோ என்னும் இன்னொரு சிற்றூர். ஐபீரியப் பெருங்கழகங்கள் பலவும் கருத்து வேறுபாட்டால் விலகி நின்ற 2022ஆம் ஆண்டில், கோப்பை அங்கே போய்ச் சேர்ந்தது. அதற்கு முன் இத்தாலிக்குக் கிடைத்த ஒரே கோப்பை, 2006இல் தஸ்கனிக் கடற்கரையின் பழைய இரும்பு உருக்கூரான ஃபொல்லோனிகா வென்றது.

இனி போர்ட்டோ. இந்நகருக்கும் ரோலர் ஹாக்கிக்கும் உள்ள உறவை அறிய, கால்பந்து மைதானத்துக்குப் போவதற்கு முன், தோரு ஆற்றை மேலிருந்து பார்க்கும் பளிங்கு மாளிகைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். 1865இல் பன்னாட்டுப் பொருட்காட்சிக்காக, லண்டனின் புகழ்பெற்ற கண்ணாடி மாளிகையைப் பார்த்து, இரும்பாலும் கண்ணாடியாலும் எழுப்பப்பட்ட ஒரு மாளிகை அங்கே இருந்தது. 1952ஆம் ஆண்டு ரோலர் ஹாக்கி உலகப் பட்டப்போட்டி போர்ட்டோவுக்கு வந்தபோது, அப்போட்டியை நடத்தும் கூடத்துக்கு இடம் வேண்டும் என்பதற்காக 1951இல் அம்மாளிகை இடிக்கப்பட்டது. அதன் இடத்தில் எழுந்த கான்கிரீட் குவிமாடம் இன்றும் நிற்கிறது. மாளிகை போய்விட்ட பின்னும் தோட்டத்தின் பெயர் மட்டும் பழையதாகவே வழங்குகிறது. அந்த 1952இல் போர்ச்சுகல் உலகப் பட்டம் வென்றது. ஒரு விளையாட்டின் மேல் நகரம் ஒன்றுக்கு இருந்த மோகத்துக்கு இதைவிடப் பெரிய சான்று கிடைக்காது. இதைவிடப் பெரிய இழப்பும் அம்மோகத்தால் அந்நகருக்கு நேர்ந்ததில்லை. குவிமாடத்தின் வடிவழகை மெச்சுகிற பயணிகூட, பழைய நிழற்படங்களில் மாளிகையைக் கண்டபின் அந்த இழப்பை மன்னிக்கத் தயங்குவார்.

நகரின் கிழக்கே, லிஸ்பன் ரயில்கள் வந்து நிற்கும் கம்பன்யா நிலையத்துக்கு அருகில், போர்ட்டோ கழகத்தின் கால்பந்து மைதானமும் அதை ஒட்டி 2009இல் திறக்கப்பட்ட, அப்போது ட்ராகாவ் காய்ஷா என்று அழைக்கப்பட்ட உள்ளரங்கும் உள்ளன. ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் அமரும் அந்தக் கூடத்தில், எல்லா இருக்கையும் தளத்தின் மீது கவிந்தாற்போல் இருக்கும். சக்கரம் திரும்பும் கிறீச்சொலியும் மட்டை மோதும் ஓசையும் கடைசி வரிசைக்கும் கேட்கும். போர்ட்டோ கழகம் 2002 முதல் 2011 வரை பத்து முறை தொடர்ந்து போர்ச்சுகல் பட்டம் வென்றது. ஆனால் ஐரோப்பியக் கோப்பையை அது கடைசியாகத் தொட்டது 1990இல். இருபதாண்டுக்கும் மேலான அந்த ஏக்கத்தைத் தீர்க்கவே தன் கூடத்தில் தானே விருந்தோம்பியாக நின்றது. ஒரு போட்டியாளரின் இல்லத்தில் இறுதிச்சுற்று நடப்பது நியாயமா என்ற கேள்வி எழாமல் இராது. பொதுவான களத்தில் நடப்பதே முறை. ஆயினும், தொலைக்காட்சிப் பணம் பெரிதாக வராத இவ்விளையாட்டில், கூடத்தை நிரப்பவும் செலவைச் சுமக்கவும் துணியும் கழகத்தின் வாசலுக்கே கோப்பை போய்ச் சேர்வது இயல்பாகிவிட்டது.

அரையிறுதியில் போர்ட்டோ வல்தாஞ்ஞோவை வென்றது. பென்ஃபிகா பார்சிலோனாவை வெளியேற்றியது. இவ்வாறு 2013 ஜூன் 2ஆம் நாள், சிற்றூர்களின் ஆட்டத்தில் போர்ச்சுகலின் இரண்டு கால்பந்துப் பேரரசுகள் எதிரெதிரே நின்றன.

அதற்கு முந்தைய மூன்று வாரங்களை அறியாமல் அந்த மாலையின் எடையை உணர முடியாது. மே 11 அன்று, அதே உள்ளரங்கை ஒட்டிய மைதானத்தில், கால்பந்து லீகின் முதலிடத்தில் இருந்த பென்ஃபிகா சமநிலையைக் காத்துக்கொண்டிருக்க, 92ஆம் நிமிடத்தில் கெல்வின் என்னும் இளம் ஆட்டக்காரர் அடித்த கோல் வெற்றியைப் போர்ட்டோவுக்குக் கொடுத்தது. அதன் விளைவாக லீக் பட்டம் ஒரே ஒரு புள்ளியில் பென்ஃபிகாவிடமிருந்து நழுவியது. மே 15 அன்று ஆம்ஸ்டர்டாமில், ஐரோப்பா லீக் இறுதியாட்டத்தில், அதே பென்ஃபிகா மீண்டும் கடைசி நிமிடங்களின் கோல் ஒன்றால் செல்சியிடம் தோற்றது. மே 26 அன்று போர்ச்சுகல் கோப்பை இறுதியில் விட்டோரியா குய்மராய்ஷிடம் தோற்றது. பதினாறு நாட்களில் மூன்று கோப்பைகளை இழந்த கழகத்தின் இன்னொரு பிரிவு, அந்தத் துயரம் தொடங்கிய இடத்துக்கே, சில நூறு அடி தள்ளி, சக்கரக் காலணிகளோடு வந்து இறங்கியது. அதுவரை எத்தனையோ இறுதியாட்டங்கள் ஆடியும் பென்ஃபிகா ஐரோப்பியப் பட்டத்தை ஒருமுறையும் வென்றிருக்கவில்லை என்பதும், லிஸ்பன் எதிராளியான ஸ்போர்டிங் 1977இலேயே, அந்தோனியோ லிவ்ரமெந்தோ என்னும் மேதை ஆடிய அணியோடு அதை வென்றுவிட்டது என்பதும் உடன் நினைக்கத்தக்கவை. லிவ்ரமெந்தோ தம் புகழின் முதற்பகுதியைப் பென்ஃபிகாவின் சிவப்புச் சட்டையில் ஈட்டியவர்.

ஆட்டம் இரண்டு இருபத்தைந்து நிமிடப் பகுதிகளாக நடப்பது. பந்து நின்றால் கடிகாரமும் நிற்கும். அணி செய்யும் தவறுகள் கணக்கிடப்படும். பத்தாவது தவறில் எதிரணிக்கு 'நேரடித் தனியடி' கிடைக்கும். ஆட்டக்காரர் ஒருவர், கோலிலிருந்து 7 மீட்டர் 40 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள புள்ளியில் பந்தை வைத்து, குந்தியிருக்கும் கோல்கீப்பரை மட்டும் எதிரே காண்பார். கடுந்தவறுக்கு நீல அட்டை. அது வாங்கியவர் வெளியே அமர, அவருடைய அணி இரண்டு நிமிடம் ஓர் ஆள் குறைந்து ஆட வேண்டும். ஆகவே ஒரு கோல் முன்னிலை என்பது இந்த ஆட்டத்தில் எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. அன்று ஐம்பது நிமிடம் முடிந்தபோது கணக்கு 5-5.

கூடுதல் நேரம் 'தங்க கோல்' முறையில் நடந்தது. யார் முதலில் கோல் அடித்தாலும் அக்கணமே ஆட்டம் முடிந்துவிடும். பதிலடிக்கு வாய்ப்பே இல்லாத முறை அது. கால்பந்து இம்முறையைச் சோதித்துப் பார்த்துக் கைவிட்டதற்குக் காரணம், அஞ்சிய அணிகள் ஆடாமலே நேரத்தைக் கடத்தின என்பது. ரோலர் ஹாக்கியில் அப்படிப் பதுங்க இடமில்லை; பந்தை வைத்திருக்கும் அணி குறித்த நொடிகளுக்குள் கோலை நோக்கி அடித்தே தீர வேண்டும்; களம் சிறியது; பலகை பந்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் பென்ஃபிகாவின் இளைஞர் டியோகோ ரஃபாயேல் அடித்த பந்து கூட்டுக்குள் புகுந்தது. 6-5. லூயிஸ் செனிக்கா பயிற்றுவித்த, வால்டர் நேவெஸ் தலைமை தாங்கிய பென்ஃபிகா, தன் முதல் ஐரோப்பியப் பட்டத்தை எதிரியின் வீட்டிலேயே எடுத்துக்கொண்டது. நீல வெள்ளைக் கூட்டத்தின் நடுவே சிவப்புச் சட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்த மூலையைத் தவிர, கூடம் முழுவதும் உறைந்து நின்றது. மூன்று வாரங்களுக்கு முன் பக்கத்து மைதானத்தில் பென்ஃபிகா பயிற்சியாளர் ஜோர்ஜே ஜெசுஸ் கெல்வினின் கோலைக் கண்டு மண்டியிட்டதையும், இந்த மௌனத்தையும் ஒருசேர நினைவில் வைத்திருப்பவர்க்கு, ஒரே வளாகத்துக்குள் இரண்டு நகரங்களின் கண்ணீரும் கலந்திருப்பது விளங்கும்.

அவ்வாண்டு செப்டம்பரில் நாடுகளுக்கான உலகப் பட்டப்போட்டி அங்கோலாவின் லுவாண்டாவிலும் நமீபெயிலும் நடந்தது. ஆப்பிரிக்க மண்ணில் அதுவே முதல் முறை. போர்ச்சுகீசியக் குடியேற்றத்தின் வழியே கடல் கடந்த இவ்வாட்டம், விடுதலைக்குப் பின்னும் அங்கே வேரூன்றி நின்றதன் அடையாளம் அது. பென்ஃபிகா 2016இல், இம்முறை தன் சொந்தக் கூடத்தில், மீண்டும் கோப்பையை வென்றது. போர்ட்டோ 2018இல் மறுபடி தன் கூடத்தில் இறுதிச்சுற்றை நடத்தி, இறுதியாட்டத்தில் பார்சிலோனாவிடம் தோற்றது. அடுத்த ஆண்டு லிஸ்பனில் ஸ்போர்டிங்கிடம் தோற்றது.

போர்ட்டோவிலிருந்து வடக்கே செல்லும் ரயில், மண் சேவலுக்கும் வியாழச் சந்தைக்கும் பேர்போன பார்செலுஷ் வழியாகப் போகிறது. 1991இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற கழகம் அவ்வூரில் இருக்கிறது. அங்கிருந்து சிறிது நேரத்தில் லிமா ஆறு கடலில் கலக்கும் வியானா டோ காஸ்டெலோ வரும். நீலப் பூத்தையல் துணிகளுக்கும், தங்க நகைகளை அடுக்கடுக்காக அணிந்து பெண்கள் ஊர்வலம் வரும் ஆகஸ்டுத் திருவிழாவுக்கும் பெயர்பெற்ற அந்நகரின் கரையோரக் கூடத்தில், 2023இல், எவருக்கும் சொந்தமில்லாத ஒரு தளத்தில், போர்ட்டோவின் முப்பத்து மூன்று ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. இறுதியாட்டத்தில் எதிரே நின்றது பென்ஃபிகாவும் அல்ல, பார்சிலோனாவும் அல்ல. போர்ட்டோ நகருக்குக் கிழக்கே, பலகைக்கல் சுரங்கங்களாலும் ரொட்டிக் கடைகளாலும் அறியப்படும் வலோங்கோ என்னும் சிற்றூர்.